டீசல் பம்பு மேனுவலைத் தேடிப் பிடிப்பது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைப் புதியவர்களுக்கு

இராமேசுவரம், பாம்பன், மண்டபம் தொடங்கி வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரையும், மேற்கே கீழக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் வரையும் நீளும் இந்தக் கடற்கரையில் டீசல் எஞ்சினை நம்பாத தொழில் மிகக் குறைவு. விசைப்படகு, வல்லம், உப்பளத்தில் நீர் இறைக்கும் ஆயில் எஞ்சின், இறால் பண்ணை ஜெனரேட்டர் என எதில் இழுவை குறைந்தாலும், புகை கறுத்தாலும், கடைசியில் எல்லோரும் கைகாட்டுவது எஞ்சினுக்கு டீசலை அளந்து அழுத்தத்தோடு அனுப்பும் டீசல் பம்பைத்தான். அந்தப் பம்பைப் பிரித்துப் பழக வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு மேனுவல் எங்கே கிடைக்கும்?" என்பதே. கேள்வி நியாயமானது. ஆனால் எஞ்சின் பெயரைப் போட்டு "பம்ப் மேனுவல்" என்று செல்பேசியில் தேடினால் வந்து விழுவதில் பெரும்பகுதி உங்கள் கையில் உள்ள பம்புக்குப் பொருந்தாது. ஒரே எஞ்சினில் ஆண்டுக்கு ஆண்டு, உபயோகத்துக்கு உபயோகம் வேறு வேறு பம்புகள் பூட்டப்பட்டிருக்கும். ஒரே பம்பு வரிசை பல நிறுவனங்களின் எஞ்சின்களிலும் இருக்கும். ஆகவே தேடலை எஞ்சினிலிருந்து அல்லாமல் பம்பின் மேல் உள்ள எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது எந்தத் தாள்?

மேனுவல் என்று பொதுவாகச் சொல்லும் பெயருக்குள் நான்கு தனித்தனித் தாள்கள் இருக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்றும் அதற்குள் இருக்கும் என்று நினைத்துத்தான் பலரும் நாளை வீணாக்குகிறார்கள்.

முதலாவது பழுதுபார்ப்புக் கையேடு. பம்பை எந்த வரிசையில் பிரிப்பது, எதற்கு ஸ்பெஷல் டூல் வேண்டும், எந்த போல்ட்டை எவ்வளவு டார்க்கில் இறுக்குவது, எந்தத் தேய்மானம் வரை பொறுக்கலாம் என்பவற்றை இது சொல்லும். இது ஒரு பம்பு வரிசை முழுவதற்கும் பொது. சிஏவி நிறுவனத்தின் டிபிஏ பம்புக்கு ஒன்று, பாஷ் நிறுவனத்தின் விஇ பம்புக்கு ஒன்று என்று இருக்கும். இரண்டாவது பார்ட்ஸ் லிஸ்ட். பம்பைப் பிரித்துப் பரப்பிய படமும் ஒவ்வொரு உதிரிக்கும் உரிய எண்ணும் இதில் உண்டு. இது குறிப்பிட்ட பம்பு எண்ணுக்கே உரியது. மூன்றாவது, நம் ஊர்க் கடைகளில் டெஸ்ட் சார்ட் என்றும் நிறுவனத்தார் டெஸ்ட் பிளான் என்றும் சொல்லும் காலிபரேஷன் அளவுத் தாள். எந்த வேகத்தில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்த நிலையில், எவ்வளவு டீசல் வர வேண்டும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எந்த வேகத்தில் டீசலை வெட்டத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தாளில் மட்டுமே இருக்கும். நான்காவது எஞ்சின் நிறுவனத்தின் ஒர்க்‌ஷாப் மேனுவல். பம்பை எஞ்சினிலிருந்து கழற்றுவது, திரும்பப் பூட்டுவது, டைமிங் (டீசல் பாய வேண்டிய நேரம்) வைப்பது, டீசல் லைனில் சிக்கிய காற்றை எடுப்பது, சுமையில்லாத வேகம் எவ்வளவு என்பவை இதில் வரும். பம்பின் உள்வேலைக்கு வந்தவுடன் பெரும்பாலான எஞ்சின் மேனுவல்கள் "அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் கொடுக்கவும்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். எஞ்சின் வாங்கும்போது கொடுக்கப்படும் சிறிய ஆப்பரேட்டர் கையேடு இந்த நான்கில் எதுவும் அல்ல.

உங்களுக்கு முன்னால் உள்ள பழுதைப் பார்த்து எந்தத் தாள் தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தண்டின் வழியாகவோ மூடி வழியாகவோ டீசல் கசிகிறது, சீல் மாற்ற வேண்டும் என்றால் கையேடும் பார்ட்ஸ் லிஸ்ட்டும் போதும். பம்பு நல்ல நிலையில் இருந்து டைமிங் மட்டும் தவறியிருந்தால் எஞ்சின் மேனுவல் மட்டும் போதும். எலிமெண்ட் (டீசலைத் தள்ளும் பிளஞ்சரும் அது ஓடும் பேரலும் சேர்ந்த ஜோடி) மாற்றினால், கவர்னரைத் தொட்டால், டெஸ்ட் பிளான் இல்லாமல் அந்தப் பம்பை எஞ்சினில் ஏற்றக் கூடாது.

எண்ணைப் படிப்பது

இந்த வேலையில் பாதி நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பம்பின் பக்கவாட்டில், சில வகைகளில் கவர்னர் மூடியின் மேல், சிறிய அலுமினியத் தகடு ஒன்று ரிவெட் அடித்தோ ஸ்குரூ வைத்தோ பொருத்தப்பட்டிருக்கும். கடல் எஞ்சினில் அந்தத் தகட்டின் மேல் உப்பும் கிரீசும் பல ஆண்டு பெயிண்டும் படிந்து எழுத்தே தெரியாமல் இருப்பது இயல்பு. அதைப் பார்த்தவுடன் வயர் பிரஷ்ஷோ எமரித் தாளோ எடுக்க வேண்டாம். எண் மெல்லிய தகட்டில் ஆழமில்லாமல் குத்தப்பட்டது. இரண்டு தேய்ப்பில் அழிந்துவிடும், பிறகு அந்தப் பம்பு பெயர் இல்லாத பம்புதான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைத் தகட்டின் மேல் சிறிது நேரம் போட்டு வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பெயிண்ட் ஏறியிருந்தால் தின்னர் தொட்ட பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு வெள்ளைச் சாக்பீஸை மேலே தேய்த்து விரலால் துடைத்தால் குத்தெழுத்தின் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும். டார்ச் விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நிழல் விழும்போதுதான் 3க்கும் 8க்கும், 5க்கும் ஆங்கில எஸ்ஸுக்கும், பூச்சியத்துக்கும் ஆங்கில ஓவுக்கும் வேறுபாடு தெரியும். இரண்டு கோணத்தில் படம் எடுத்து, தாளிலும் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தகடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பாஷ் பம்புகளில் பத்து இலக்கப் பாக எண் ஒன்றும், வகைக் குறி ஒன்றும் தனித்தனியே இருக்கும். இந்தியாவில் 1951இல் மைக்கோ என்ற பெயரில் தொடங்கிய நிறுவனமே 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. ஆகவே மைக்கோ தகடு உள்ள பழைய பம்புக்குப் பாஷ் பெயரிலும் தேட வேண்டும். 0 400, 0 401, 9 400 என்று தொடங்கும் எண்கள் இன்லைன் (சிலிண்டருக்கு ஓர் எலிமெண்ட் வீதம் வரிசையாக அமைந்த) பம்புகளில் வருபவை. 0 460 என்று தொடங்குவது விஇ ரோட்டரி (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர் சுழன்று பகிரும்) பம்பு. எஃப் 002 என்ற தொடக்கம் இந்தியத் தயாரிப்புகளில் அதிகம் காணப்படும். 0 433 என்று தொடங்கினால் நீங்கள் பார்ப்பது பம்பு எண் அல்ல, டீசலைத் தெளிக்கும் நாசிலின் எண்.

வகைக் குறியைப் படிக்கத் தெரிந்தால் தவறான தாளை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். "பிஇஎஸ் 6 ஏ 95 டி" என்று தொடங்கும் குறியில், பிஇ என்பது சொந்த கேம் ஷாஃப்ட் உள்ள இன்லைன் பம்பு, எஸ் என்பது முன்பக்கப் பிளேஞ்சில் பொருத்தப்படுவது, 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஏ என்பது பம்பின் அளவு வகுப்பு, 95 என்பது எலிமெண்ட் விட்டம் 9.5 மில்லிமீட்டர். பின்னால் வரும் ஆர் அல்லது எல் சுழலும் திசையைக் குறிக்கும். டிரைவ் பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஆர் வலச்சுற்று, எல் இடச்சுற்று. கவர்னரின் மேல் தனியே "ஆர்எஸ்வி 300–1100" போன்ற குறி இருந்தால், அது எல்லா வேகத்திலும் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங் கவர்னர் என்றும் அது வேலை செய்யும் வேக எல்லை அவ்வளவு என்றும் பொருள். "விஇ 4/11 எஃப் 1900 ஆர்" என்றால் நான்கு சிலிண்டருக்கான ரோட்டரி பம்பு, பிளஞ்சர் விட்டம் 11 மில்லிமீட்டர், மெக்கானிக்கல் கவர்னர், 1900 வேகம், வலச்சுற்று. வல்லத்திலும் பம்புசெட்டிலும் உள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் பிஎஃப் என்று தொடங்கும் சிறிய பம்பு இருக்கும். அதற்குச் சொந்த கேம் கிடையாது, எஞ்சின் கேம்தான் அதை அடிக்கும்.

லூகாஸ் சிஏவி டிபிஏ பம்புகளில் பாக எண் பெரும்பாலும் 32 அல்லது 33 என்று தொடங்கி, நடுவில் எஃப் என்ற எழுத்தோடு இருக்கும். டிராக்டர் எஞ்சின்களிலும் அதே குடும்பத்து ஜெனரேட்டர் எஞ்சின்களிலும் இவை அதிகம். இதன் தகட்டில் இன்னொரு அருமையான தகவல் உண்டு. உதாரணமாக "52/600/3/2470" என்பது போல் ஒரு வரி குத்தப்பட்டிருந்தால், 52 என்பது ஓர் அடிக்கு (பம்பு ஒரு முறை டீசலைத் தள்ளுவதற்கு) வர வேண்டிய அதிகபட்ச டீசல் கன மில்லிமீட்டரில், 600 என்பது அதை அளக்க வேண்டிய பம்பு வேகம், கடைசி நான்கு இலக்கம் எஞ்சினின் சுமையில்லாத அதிகபட்ச வேகம். அதாவது டெஸ்ட் பிளானின் சாரம் தகட்டிலேயே இருக்கிறது. ஒரே வரியில் ஓர் எண் பம்பு வேகமாகவும் இன்னோர் எண் எஞ்சின் வேகமாகவும் இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

ஜப்பானிய எஞ்சின்களில் ஜெக்செல் பம்பு 101 அல்லது 104 என்றும், டென்சோ விஇ வகை 096 என்றும் தொடங்கும். ஜெக்செல் என்பது டீசல் கிக்கி என்ற பழைய நிறுவனத்தின் 1990க்குப் பிந்தைய பெயர். பாஷ் உரிமத்தில் தொடங்கியது என்பதால் உள்ளமைப்பு பாஷ் பம்பை ஒத்திருக்கும், ஆனால் அளவுத் தாள் ஒத்திருக்காது.

தகடே இல்லாத பம்பு வந்தால், எஞ்சின் சீரியல் எண்ணை எடுத்து எஞ்சின் டீலரிடம் கேட்பதுதான் வழி. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கரையில் ஓடும் எஞ்சின்களில் லாரியிலிருந்து இறக்கிப் படகில் ஏற்றியவையும், பம்பு மட்டும் வேறு இடத்தில் வாங்கிப் பூட்டியவையும் உண்டு. எஞ்சின் எண் காட்டும் பம்பும் கண் முன்னால் உள்ள பம்பும் ஒன்றுதானா என்று எலிமெண்ட் எண்ணிக்கை, கவர்னர் வடிவம், பிளேஞ்ச் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

எங்கே தேடுவது

இணையத்துக்கு முன் ஆளைத் தேடுங்கள் என்பது என் கருத்து. இராமநாதபுரத்திலோ மதுரையிலோ டெஸ்ட் பெஞ்ச் (பம்பைச் சுழற்றி டீசலை அளக்கும் கருவி) வைத்திருக்கும் டீசல் சர்வீஸ் கடைகளில் பல வருடங்களாகச் சேர்த்த டெஸ்ட் சார்ட்டுகள் தடித்த ஃபைல்களாக இருக்கும். பாஷ் அங்கீகாரம் பெற்ற கடைகளில் இஎஸ்ஐ டிரானிக் என்ற சந்தா மென்பொருளில் எண்ணைத் தட்டினால் தாள் திரையில் வரும். வெறுங்கையோடு போய் "மேனுவல் குடுங்க" என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. தகட்டின் படத்தையும் எழுதிய எண்ணையும் காட்டி, "அண்ணே, இந்த நம்பருக்கு டெஸ்ட் சார்ட் உங்ககிட்ட இருக்கா? பெஞ்ச் வேலைய உங்ககிட்டயே குடுக்குறேன், அளவு மட்டும் ஒருதடவை பாத்துக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலான மேஸ்திரிகள் உட்கார வைத்து விளக்கியே சொல்வார்கள். கேட்கும் காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லா விசைப்படகின் பம்பும் ஒரே நேரத்தில் கடைக்கு வரும்; அப்போது யாருக்கும் பேச நேரம் இருக்காது. தாள் சேர்க்கும் வேலையைத் தைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கிவிடுங்கள்.

எஞ்சின் நிறுவனத்தின் டீலரிடம் ஒர்க்‌ஷாப் மேனுவலை விலை கொடுத்து வாங்க முடியுமா என்று கேளுங்கள். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கு இது ஒன்றே போதும். பிஎஃப் பம்பின் டைமிங் பம்புக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடான ஷிம்மால் சரிசெய்யப்படுகிறது, ஷிம் கூடினால் இன்ஜெக்‌ஷன் பிந்தும், குறைந்தால் முந்தும், எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்பதை எஞ்சின் மேனுவல்தான் சொல்லும்.

அடிப்படையே புதிது என்பவர்கள் ஐடிஐ பாடநூலிலிருந்து தொடங்குவது நல்லது. சென்னை கிண்டியில் 1986இல் தொடங்கப்பட்ட நிமி என்னும் தேசியப் பயிற்றுக்கருவி நிறுவனம் ஐடிஐ தொழிற்பிரிவுகளுக்கான நூல்களைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே "மெக்கானிக் டீசல்" பிரிவின் தியரி, பிராக்டிகல் நூல்களை எடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பு, கவர்னர் பாடங்களை ஒரு முறை ஊன்றிப் படித்தால் நிறுவனத்தின் ஆங்கிலக் கையேடு அதற்குப் பிறகு மிரட்டாது. பரமக்குடி அரசு ஐடிஐயில் படித்தவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அவருடைய பழைய நூலே கைக்கு வரும். பாஷ் வெளியிட்ட மஞ்சள் அட்டைத் தொழில்நுட்ப நூல்களும் பம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும்; ஆனால் அவற்றில் பழுதுபார்க்கும் அளவுகளை எதிர்பார்க்காதீர்கள்.

இனி இணையம். எண்ணை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். பாஷ் எண்ணை ஒரு முறை இடைவெளியோடும் ஒரு முறை இடைவெளியே இல்லாமலும், இரண்டையும் மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள்; தாளை ஏற்றியவர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் அது அகப்படும். எண்ணோடு "டெஸ்ட் பிளான்", "காலிபரேஷன்", "பார்ட்ஸ் லிஸ்ட்" என்ற சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். அப்படியும் எதுவும் வராவிட்டால் கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டுத் தேடினால் அதே வரிசையின் அக்கம்பக்கத்துப் பம்புகள் வரும். கையேட்டுக்கு அது போதும், டெஸ்ட் பிளானுக்குப் போதாது. கடைசி இலக்கங்கள் மாறும்போது கவர்னர் ஸ்பிரிங்கோ டெலிவரி வால்வோ மாறியிருக்கலாம்.

டிபிஏ போன்ற பழைய பம்புகளின் கையேடுகளை ஸ்கேன் செய்த பிரதிகளாக இன்டர்நெட் ஆர்கைவ் என்ற பொது நூலகத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். அமெரிக்க ராணுவத்தின் டெக்னிக்கல் மேனுவல்களும் பொதுச்சொத்து என்பதால் தாராளமாகக் கிடைக்கும். அவற்றில் 2910 என்ற எண் கொண்டவை எரிபொருள் அமைப்பின் பாகங்களுக்கு உரியவை. இறுதியில் 34 என்று முடிபவை ஒர்க்‌ஷாப் அளவிலான பழுதுபார்ப்பைச் சொல்பவை. ஸ்டானடைன், அமெரிக்கன் பாஷ் வகைப் பம்பு கையில் வந்தால் இவை மிகவும் உதவும், ஏனென்றால் முன்பின் பழக்கம் இல்லாத சிப்பாய்க்காக எழுதப்பட்டவை என்பதால் ஒவ்வொரு நட்டுக்கும் படம் போட்டிருப்பார்கள்.

ஒரு பென் டிரைவில் உலகத்துப் பம்பு மேனுவல் எல்லாம் இருக்கிறது என்று வாட்ஸப்பில் விற்பவர்களிடம் பணம் கட்டும் முன், உங்கள் எண்ணுக்கு உரிய தாளின் முதல் பக்கத்தை மட்டும் படமாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் இல்லை என்று பொருள். இலவசமாக இறக்கச் சொல்லும் தளம் பிடிஎஃப் அல்லாமல் வேறு ஏதாவது ஒரு செயலியை நிறுவச் சொன்னால் அங்கேயே மூடிவிடுங்கள்.

கைக்கு வந்த தாளைச் சோதிப்பது

தாள் கிடைத்தவுடன் வேலையில் இறங்காமல் முதலில் எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். பக்கங்கள் விட்டுப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்கேன் செய்தவர்கள் மடித்து வைத்த பெரிய படத்தை விட்டுவிடுவது வழக்கம், நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் படத்தில்தான் இருக்கும். தாளில் உள்ள சிலிண்டர் எண்ணிக்கை, எலிமெண்ட் விட்டம், சுழலும் திசை ஆகிய மூன்றும் உங்கள் தகட்டோடு ஒத்துப் போகாவிட்டால், எண் ஒன்றாகத் தெரிந்தாலும் நீங்கள் எங்கோ தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

அடுத்து ஏமாற்றும் இடம் அலகு. பாஷ் தாள்களில் டீசல் அளவு சிலவற்றில் 100 அடிக்கு இத்தனை கன சென்டிமீட்டர் என்றும், சிலவற்றில் 1000 அடிக்கு இத்தனை என்றும் இருக்கும். 1000 அடிக்கு ஒரு கன சென்டிமீட்டர் என்பதும் ஓர் அடிக்கு ஒரு கன மில்லிமீட்டர் என்பதும் ஒன்றே. ஆகவே 100 அடிக்கு 11.5 என்று போட்டிருந்தால் அது ஓர் அடிக்கு 115 கன மில்லிமீட்டர். இந்தப் பத்து மடங்கைக் கவனிக்காமல் இரண்டு தாள்களை ஒப்பிட்டால் ஒன்று தவறு என்றே தோன்றும். பழைய பிரிட்டிஷ் கையேடுகளில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பவுண்டில் இருக்கும், நம் பக்கத்து கேஜ் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோவில் காட்டும். அந்த ஒரு கிலோ அழுத்தம் என்பது 14.22 பவுண்டு அழுத்தம், அதுவே 0.98 பார்.

வேகமும் அப்படித்தான். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்லைன், ரோட்டரி பம்புகள் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுகின்றன. டெஸ்ட் பிளானில் 1000 என்று இருந்தால் அது பம்பு வேகம், எஞ்சினில் 2000. மேலே சொன்ன விஇ பம்பின் 1900, எஞ்சினின் 3800க்குச் சமம். இதை மாற்றிப் புரிந்துகொண்டு கவர்னரை முறுக்கினால் எஞ்சின் தாங்காத வேகத்துக்குப் போகும்.

டெஸ்ட் பிளானின் தலைப்பில் உள்ள நிபந்தனைகளைப் பலரும் படிப்பதே இல்லை. அந்த அளவுகள் வண்டி டீசலுக்கு உரியவை அல்ல. ஐஎஸ்ஓ 4113 தரத்து டெஸ்ட் ஆயிலில், சுமார் 40 டிகிரி வெப்பத்தில், குறிப்பிட்ட அழுத்தத்தில் திறக்கும் டெஸ்ட் நாசிலோடு, குறிப்பிட்ட நீளமும் உள்விட்டமும் உள்ள டெஸ்ட் பைப்போடு அளக்க வேண்டியவை. வெளிவிட்டம் 6, உள்விட்டம் 2, நீளம் 600 மில்லிமீட்டர் என்பது பல தாள்களில் வரும் பைப் அளவு. இந்த நான்கில் ஒன்று மாறினாலும் கண்ணாடிக் குழாயில் நிற்கும் அளவு மாறும். கரையில் பாட்டிலில் பிடித்து அளந்த டீசலை டெஸ்ட் பிளானோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை என்பது இதனால்தான்.

கரையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

கையேடு கையில் இருப்பதாலேயே எல்லாவற்றையும் படகிலேயே செய்துவிட முடியாது. ஃபீட் பம்பு, ஃபில்டர், காற்று எடுத்தல், பைப் நட்டு, டைமிங், வெளிப்புறக் கசிவு ஆகியவற்றைக் கரையில் பார்க்கலாம். எலிமெண்ட், டெலிவரி வால்வு, கவர்னர், டிபிஏ அல்லது விஇயின் ஹெட் ஆகியவை தூசியில்லாத மேசையும் டெஸ்ட் பெஞ்சும் உள்ள இடத்துக்குப் போக வேண்டியவை. எலிமெண்ட்டில் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு சில மைக்ரான்தான். இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை, ஒரு சிலிண்டரின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போடக் கூடாது. காற்றில் பறக்கும் மணலே அதற்குப் போதுமான எதிரி, உப்புக் கை பட்டால் மறுநாளே துரு புள்ளி வைக்கும். டிபிஏ பம்பின் உட்புறத்துக்கு டீசலே உயவு எண்ணெய் என்பதால், டாங்க்கில் தண்ணீர் இறங்கிய படகில் அந்தப் பம்பு எவ்வளவு நன்றாகக் காலிபரேட் செய்து வந்தாலும் நிலைக்காது. மேனுவலைத் திறக்கும் முன் ஃபில்டரின் அடியைத் திறந்து பாருங்கள்.

எல்லாக் கையேடுகளின் முன்பக்கத்திலும் வரும் எச்சரிக்கை ஒன்றைத் தாண்டிச் செல்ல வேண்டாம். நாசிலின் ஸ்பிரேயைக் கையால் தடுத்துப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல் மட்டுமே தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும். அப்படி நேர்ந்தால் வலி இல்லை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பூட்டிய பம்பை முதன்முறை ஓட்டும்போது ராக் சிக்கி எஞ்சின் தறிகெட்டு ஓடக்கூடும் என்பதால், காற்று வரும் வழியை அடைக்கக் கனமான பலகை ஒன்றுடன் இன்னொருவரை நிறுத்திக்கொண்ட பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

தாளைப் பாதுகாப்பது

செல்பேசியில் உள்ள பிடிஎஃப் எண்ணெய்க் கையோடு திறக்க உதவாது. டெஸ்ட் பிளானையும் பிரித்த படத்தையும் மட்டும் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கையேட்டை அச்சிடுவது வீண். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது எஞ்சின் பெயரையோ படகின் பெயரையோ வைக்காமல் பம்பு எண்ணையே பெயராக வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் இராமேசுவரம் விசைப்படகின் பம்பு ஒன்று அடுத்த பயணத்துக்கு முன் கையில் வந்து விழும்போது, தேடி எடுக்க உங்களுக்கு நிமிடக்கணக்கில்தான் நேரம் இருக்கும்.

பெஞ்சுக்குக் கொடுத்த பம்பு திரும்பி வரும்போது காலிபரேஷன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் சரியா வச்சிருக்கேன் தம்பி" என்ற வாய்ச்சொல்லோடு வராதீர்கள். எந்த வேகத்தில் ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு வந்தது, கவர்னர் எங்கே வெட்டியது என்ற அந்த அளவுகளை டெஸ்ட் பிளானின் பக்கத்திலேயே எழுதி வைத்தால், அடுத்த தடவை அதே பம்பு வரும்போது எந்த லைன் தேய்ந்திருக்கிறது என்பது ஒப்பிட்டவுடன் தெரியும். பம்பைக் கடைக்கு அனுப்பும் முன் அதன் எண்ணைச் சிறிய பித்தளைத் தகட்டில் குத்தி, மவுண்டிங் போல்ட் ஒன்றில் கம்பியால் கட்டி அனுப்புங்கள். கடையில் ஒரே நிறப் பெயிண்ட் அடித்த பத்துப் பம்புகள் வரிசையாக இருக்கும்போது உங்களுடையது மாறாமல் வர அதுவே உதவும்.